முதலில் குடத்தைப் பாருங்கள்

மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம். அமெரிக்காவில் இனம், நிறம் பற்றி நடக்கும் வாதங்களில் பெரும்பகுதி இந்தப் பழமொழிக்குள் அடங்கிவிடும். கிரிட்டிகல் ரேஸ் தியரியை, அதாவது சட்டமும் அமைப்பும் இன ஏற்றத்தாழ்வை எப்படி உண்டாக்குகின்றன என்று ஆராயும் கோட்பாட்டை, ஆதரிப்பவர் அதைத்தான் சொல்கிறார்: எழுத்தில் எல்லோருக்கும் ஒரே சட்டம், கறுப்பினத்தவர் தலையில் விழும்போது மட்டும் அதன் எடை கூடிவிடுகிறது. எதிர்ப்பவரும் அதைத்தான் சொல்கிறார்: வெள்ளையரைப் பற்றி என்ன வேண்டுமானாலும் பேசலாம், அதையே மற்றவர்களைப் பற்றிப் பேசினால் வேலை போய்விடும். இரு தரப்பும் வைப்பது ஒரே வகைப் புகார். புகார் ஒன்றென்றால் அதைச் சோதிக்கும் முறையும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். நம் தரப்புப் புகாரை ஒரு தராசிலும் எதிர்த் தரப்புப் புகாரை இன்னொரு தராசிலும் நிறுத்தத் தொடங்கினால், எந்தக் குற்றத்தைச் சுமத்துகிறோமோ அதையே நாமும் செய்கிறோம்.

நல்ல தராசு எப்படி இருக்கும் என்பதை ஒரு பழைய வழக்கு காட்டுகிறது. 1970-ல் டெக்சாஸில் ஒரு சரக்குப் போக்குவரத்து நிறுவனம். வாடிக்கையாளரின் சரக்கிலிருந்து ஆன்டிஃப்ரீஸ், அதாவது வண்டி ரேடியேட்டரில் ஊற்றும் திரவம், ஒரு கேலன் டப்பாக்களில் 60-ஐ எடுத்துக்கொண்டதாக மூன்று ஊழியர்கள் மீது குற்றச்சாட்டு. வெள்ளையர் இருவரும் வேலையிழந்தார்கள். கறுப்பினத்தவரான மூன்றாமவரை நிறுவனம் வைத்துக்கொண்டது. நீக்கப்பட்டவர்கள் பாகுபாட்டைத் தடைசெய்யும் 1964-ஆம் ஆண்டின் சிவில் உரிமைச் சட்டத்தைக் காட்டி வழக்குப் போட்டார்கள். கீழ் நீதிமன்றங்கள் தள்ளுபடி செய்தன. 1976-ல் உச்ச நீதிமன்றம் அதை மாற்றி, அந்தச் சட்டம் வெள்ளையரையும் அதே அளவுக்குப் பாதுகாக்கிறது, வழக்கை நடத்தலாம் என்றது. திருடியவரை நீக்க நிறுவனத்துக்கு உரிமை உண்டு, ஆனால் அந்த விதி எல்லா இனத்தவருக்கும் ஒன்றுபோலப் பொருந்த வேண்டும் என்பது தீர்ப்பின் சாரம். எழுதியவர் தர்குட் மார்ஷல். பள்ளிகளில் இனப் பிரிவினையை ஒழித்த 1954 பிரவுன் வழக்கில் கறுப்பினப் பெற்றோருக்காக வாதாடியவர், உச்ச நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதி. கறுப்பினத்தவருக்காக வாழ்நாள் முழுதும் போராடியவர் கையிலேயே வெள்ளையருக்கும் அதே பாதுகாப்பு என்ற தீர்ப்பு வந்தது. இந்த விவாதத்தில் இறங்குகிறவர்கள் இதை மறக்கக் கூடாது.

அந்த வழக்கு ஏன் அவ்வளவு தெளிவாக இருந்தது என்று பாருங்கள். உடைந்தது ஒரே குடம், அதாவது அதே திருட்டு. ஒரே வீடு, அதாவது அதே நிறுவனம். தீர்ப்புச் சொன்னதும் ஒரே நிர்வாகம், விதியும் ஒன்று, நாளும் ஒன்று. வெளியில் தெரிந்த வித்தியாசம் நிறம் மட்டும். இரட்டை அளவுகோல் என்று யார் சொன்னாலும் கேட்க வேண்டியது இதைத்தான்: என்ன உடைந்தது, எந்த வீட்டில் உடைந்தது, தீர்ப்புச் சொன்னது யார், எந்த விதிப்படி? இந்த நான்குக்கும் பதில் இருந்தால் வாதத்தைத் தொடரலாம். இல்லையென்றால் அவர் மனதில் இருப்பது ஆற்றாமைதான், இன்னும் புகாராகத் திரளவில்லை. ஆற்றாமை நியாயமாகவே இருக்கலாம். ஆனால் அதை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது.

இரண்டு செயலும் மயிரிழை பிசகாமல் ஒன்றாக இருக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பதும் தப்பு. ஒப்பிடத்தக்க கனம் இருந்தால் போதும் என்று அந்தத் தீர்ப்பின் அடிக்குறிப்பே சொல்கிறது. அது கொஞ்சம் வேறு, இது கொஞ்சம் வேறு என்று நழுவிக்கொண்டே போனால் உலகத்தில் எந்தப் பாகுபாட்டையும் யாராலும் காட்ட முடியாது. இந்த நழுவலை இரு தரப்பிலும் பார்க்கலாம்.

பெரும்பாலான வாதங்கள் இரண்டாவது கேள்வியிலேயே உடைகின்றன. 2020-ல் ஜார்ஜ் ஃபிளாய்ட் என்ற கறுப்பினத்தவர் காவலர் பிடியில் இறந்த பின் நடந்த கலவரங்களையும், 2021 ஜனவரி 6-ல் டிரம்ப் ஆதரவாளர்கள் நாடாளுமன்றக் கட்டடத்தில் புகுந்து நடத்திய கலவரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அவர்களை விட்டீர்கள், இவர்களைப் பிடித்தீர்கள் என்பார்கள். எதிர்த் தரப்பு அதையே தலைகீழாகச் சொல்லும். 2020 வழக்குகள் பல நகரங்களில், பல மாவட்ட வழக்கறிஞர்களிடம், வெவ்வேறு மாநிலச் சட்டங்களின் கீழ் நடந்தவை. ஜனவரி 6 வழக்குகள் வாஷிங்டனில் ஒரே கூட்டாட்சி நீதிமன்றத்தில் நடந்தவை. ஒப்பிட்டே ஆக வேண்டுமென்றால் போர்ட்லண்ட் நகரக் கூட்டாட்சி நீதிமன்றக் கட்டடத்தின் முன் 2020-ல் நடந்த மோதல்களை எடுங்கள். இரண்டு இடத்திலும் கூட்டாட்சி அதிகாரியைத் தாக்கியதாக ஒரே சட்டப் பிரிவில் வழக்குகள் பதிவாயின. அந்தப் பிரிவின் கீழ் வந்தவற்றை மட்டும் தனியாகப் பிரித்து, காயத்தின் அளவையும் ஆயுதம் இருந்ததா என்பதையும் பார்த்து வைத்தால்தான் பேச்சில் ஏதாவது மிஞ்சும். இதற்கு ஒரு வார இறுதி முழுவதும் ஆகும். பலர் இதைச் செய்யாமல் விடுவதற்கு அதுதான் காரணம்.

விதியே கோணலாக இருந்தால் என்ன செய்வது? கிரிட்டிகல் ரேஸ் தியரி அங்கேதான் தொடங்குகிறது. 1986-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டப்படி, கிராக் கோக்கெய்ன் 5 கிராம் விற்றுப் பிடிபட்டால் குறைந்தது ஐந்து வருடச் சிறை. தூள் கோக்கெய்னுக்கு அதே ஐந்து வருடம் வர 500 கிராம் வேண்டும். இரண்டும் ஒரே பொருள்தான். தூளை சமையல் சோடாவும் தண்ணீரும் சேர்த்துக் காய்ச்சினால் கிராக். சட்டத்தில் நிறம் பற்றி ஒரு சொல் கிடையாது. ஆனால் கிராக் வழக்கில் கூட்டாட்சிச் சிறைக்குப் போனவர்களில் மிகப் பெரும்பாலானோர் கறுப்பினத்தவர். 2010-ல்தான் இந்த 100-க்கு 1 என்ற விகிதத்தை 18-க்கு 1 ஆகக் குறைத்தார்கள். கிராக்குக்கான வரம்பு 28 கிராம் ஆனது.

இந்த உதாரணத்தை எடுத்தால் முழுவதும் எடுக்க வேண்டும். 1986-ல் நாடாளுமன்றத்தில் இருந்த கறுப்பின உறுப்பினர்களில் பலர் அந்தச் சட்டத்தை ஆதரித்தார்கள். தங்கள் தெருக்களில் பிள்ளைகள் செத்துக்கொண்டிருந்தார்கள் என்பது அவர்கள் கவலை. ஆகவே ‘இனவெறியர்கள் திட்டமிட்டுச் செய்தார்கள்’ என்று வாதிட்டால் எதிரில் இருப்பவர் இந்த ஒரு தகவலை வைத்தே வீழ்த்திவிடுவார். ‘யாரும் வெறுப்போடு செய்யாமலேயே ஒரு விதி ஒரு சமூகத்தை நசுக்க முடியும்’ என்று வாதிட்டால் அதே தகவல் உங்கள் பக்கம் சாட்சி சொல்லும். அந்தக் கோட்பாட்டின் உயிர்நாடி இந்த இரண்டாவது வாக்கியம்தான்.

கோட்பாட்டின் பெயரில் இன்று மூன்று வேறு சரக்குகள் விற்கின்றன. ஒன்று, 1970-களின் இறுதியிலிருந்து சட்டக் கல்லூரிகளில் வளர்ந்த ஆய்வு. ஹார்வர்டு சட்டக் கல்லூரியில் நிரந்தரப் பதவி பெற்ற முதல் கறுப்பினப் பேராசிரியர் டெரிக் பெல், சட்டப் பேராசிரியர் கிம்பர்லே கிரென்ஷா ஆகியோர் இதில் முதன்மையானவர்கள். இரண்டு, அலுவலகங்களில் நடத்தும் பன்மைத்துவப் பயிற்சி வகுப்புகள். மூன்று, பள்ளிப் பாடம். வாதம் தொடங்கும்போதே எதைப் பற்றிப் பேசுகிறோம் என்று கேட்டுவிடுங்கள். ‘அது சட்டக் கல்லூரியில் மட்டும்தான் இருக்கிறது’ என்ற பதில் நிற்காது. 1995-லேயே குளோரியா லாட்சன்-பில்லிங்ஸ், வில்லியம் டேட் இருவரும் அதைக் கல்வித் துறைக்குக் கொண்டுவந்து கட்டுரை எழுதிவிட்டார்கள். ‘எல்லா வெள்ளையரும் இனவெறியர் என்கிறது’ என்ற தாக்குதலும் நிற்காது, அந்த ஆய்வு முதன்மையாகப் பேசுவது தனிமனிதர் நெஞ்சைப் பற்றி அல்ல, சட்டத்தின் வேலையைப் பற்றி.

உண்மையான பலத்தைப் பார்க்க வேண்டுமா, பெல் 1980-ல் எழுதியதை எடுங்கள். கறுப்பினத்தவரின் நலனும் வெள்ளையரின் நலனும் ஒன்றுசேரும்போதுதான் முன்னேற்றம் கிடைக்கிறது என்றார். பிரவுன் தீர்ப்பு அவருக்கு உதாரணம். பனிப்போரில் ஆசிய, ஆப்பிரிக்க நாடுகளைத் தன் பக்கம் இழுக்க முயன்ற அமெரிக்காவுக்கு இனப் பிரிவினை வெளிநாட்டில் பெரும் அவமானம். 1952-ல் அமெரிக்க நீதித்துறையே உச்ச நீதிமன்றத்தில் தாக்கல் செய்த மனுவில் இதைச் சொல்லியிருக்கிறது. இது ஆவணம் பேசும் வாதம். பலவீனத்தைப் பார்க்க வேண்டுமா, ஹார்வர்டு சட்டக் கல்லூரியின் கறுப்பினப் பேராசிரியர் ராண்டல் கென்னடி 1989-ல் வைத்த விமர்சனத்தை எடுங்கள். எழுதியவரின் இனத்தை வைத்தே அவர் ஆய்வுக்குத் தனி மதிப்புத் தர முடியாது, சரக்கைப் பார்த்துத்தான் மதிப்பிட வேண்டும் என்பது அவர் நிலை. இனவெறி அமெரிக்காவில் நிரந்தரம் என்று பெல் பிற்காலத்தில் சொன்னதும் கடுமையாகக் கேள்வி கேட்கத் தகுந்தது. எந்த மாற்றம் வந்தாலும் பொய்யாக முடியாத கூற்றை ஆய்வு என்று ஏற்பது கடினம்.

எந்தக் குடத்தோடு எந்தக் குடத்தை ஒப்பிடுவது என்பதே சண்டையாகும் இடமும் உண்டு. செயின்ட் லூயிஸ் ஜெனரல் மோட்டார்ஸ் ஆலையில் 1964-க்கு முன் கறுப்பினப் பெண்களை வேலைக்கு எடுக்கவே இல்லை. பின்னர் பொருளாதார மந்தத்தில், கடைசியாக வந்தவர் முதலில் வெளியே என்று பணிமூப்புப்படி ஆட்குறைப்பு செய்தபோது, 1970-க்குப் பின் சேர்ந்த கறுப்பினப் பெண்கள் எல்லோரும் வேலையிழந்தார்கள். ஐந்து பெண்கள் வழக்குப் போட்டார்கள். பெண்கள் என்ற வகையில் பார்த்தால் ஆலையில் வெள்ளைப் பெண்கள் முன்பிருந்தே இருக்கிறார்கள், ஆகவே பெண் பாகுபாடு இல்லை என்றது நீதிமன்றம். இனத்தையும் பாலினத்தையும் சேர்த்துப் புதிய வகை ஒன்றை உருவாக்கிக்கொள்ள அவர்களை அனுமதிக்கவில்லை. 1976-ல் வந்த இந்தத் தீர்ப்பைத்தான் கிரென்ஷா 1989-ல் பிரித்துக் காட்டினார். இன்று வசைச்சொல்லாகிவிட்ட ‘இன்டர்செக்‌ஷனாலிட்டி’ (இனம், பாலினம் போன்றவை ஒருவரிடம் சேரும்போது வரும் தனிவகைப் பாகுபாடு) என்ற சொல் பிறந்தது இந்தத் தொழிற்சாலை வாசலில். இதைச் சொல்லிவிட்டுப் பேசினால், கேட்பவர் ஒத்துக்கொள்ளாவிட்டாலும் முகம் சுளிக்க மாட்டார்.

சொல் குழப்பம் இன்னொரு பள்ளம். ‘இனவெறி’ என்றால் ஒருவர் இன்னொருவரை இனத்தால் வெறுப்பது என்பது பொது வழக்கு. வெறுப்போடு அதிகாரமும் சேர்ந்தால்தான் இனவெறி, ஆகவே கறுப்பினத்தவர் இனவெறியராக முடியாது என்பது சில சமூகவியலாளர்களின் வரையறை. ஒருவர் முதல் பொருளில் பேச, மற்றவர் இரண்டாம் பொருளில் பதில் சொல்ல, மணிக்கணக்கில் வீணாகும். வழி எளிது: அந்தச் சொல்லையே விட்டுவிட்டு, தனிமனித வெறுப்பு என்றும் அமைப்பின் ஏற்றத்தாழ்வு என்றும் இரண்டு சொல்லாகப் பேசுங்கள். வேலைப் பாகுபாட்டுச் சட்டம் அந்த இரண்டாவது வரையறையை ஏற்கவில்லை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். 1976-ல் மார்ஷல் சொன்னதை 2025 ஜூனில் ஏம்ஸ் என்பவர் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் மறுபடி உறுதிசெய்தது. அது பாலின ஈர்ப்பு பற்றிய வழக்கு என்றாலும், பெரும்பான்மைச் சமூகத்தவர் கூடுதல் ஆதாரம் காட்ட வேண்டும் என்ற விதி எல்லோருக்குமாகச் செல்லாது என்றது. ஒன்பது நீதிபதிகளும் ஒருமனம். எழுதியவர் கேட்டாஞ்சி பிரவுன் ஜாக்சன், அந்த நீதிமன்றத்தின் முதல் கறுப்பினப் பெண் நீதிபதி.

எண்களைக் காட்டும்போது அவை எப்படி வந்தன என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். மில்வாக்கி நகரில் டெவா பேஜர் நடத்தி 2003-ல் வெளியிட்ட ஆய்வு அடிக்கடி மேற்கோளாகும். இளைஞர்களைச் சாதாரண வேலைகளுக்கு விண்ணப்பிக்க அனுப்பினார். குற்றப் பின்னணி இல்லாத வெள்ளையரை 34 சதவீத இடங்களில் திரும்ப அழைத்தார்கள், சிறை சென்ற வெள்ளையரை 17 சதவீதம். குற்றப் பின்னணியே இல்லாத கறுப்பினத்தவருக்கு 14, சிறை சென்ற கறுப்பினத்தவருக்கு 5. 17-க்கும் 14-க்கும் நடுவில் நெஞ்சை அடைக்கும் ஒரு செய்தி இருக்கிறது. ஆனால் விவரம் தெரிந்தவர் உடனே கேட்பார்: வெள்ளையர் ஜோடியும் கறுப்பின ஜோடியும் ஒரே முதலாளியிடம் போனார்களா? இல்லை. வெள்ளையர் 150 இடங்களுக்கும் கறுப்பினத்தவர் வேறு 200 இடங்களுக்கும் போனார்கள், இடங்கள் குலுக்கல் முறையில் பிரிக்கப்பட்டவை. இதை நீங்களே முதலில் சொல்லிவிட்டால் எண் பலம் பெறும், அவர் கண்டுபிடித்துச் சொன்னால் எண்ணோடு நீங்களும் விழுவீர்கள்.

ஹார்வர்டு வழக்கிலும் சண்டை இப்படி ஒரு நுணுக்கத்தில்தான் நின்றது. ஆசிய அமெரிக்க மாணவர்களுக்குப் பாகுபாடு என்று 2014-ல் தொடங்கி, 2023 ஜூனில் இனம் பார்த்துச் சேர்ப்பது செல்லாது என்று முடிந்த வழக்கு. இரு தரப்புக்கும் ஒவ்வொரு பொருளாதார நிபுணர், கையில் ஒரே தரவு, முடிவு மட்டும் நேர்மாறு. விண்ணப்பதாரரின் குணநலனுக்கு ஹார்வர்டு தரும் தனி மதிப்பெண் ஒன்று உண்டு. ஆசிய மாணவர்களுக்கு அதில் சராசரியாகக் குறைவாகவே வந்தது. அதைக் கணக்கில் சேர்த்தால் பாகுபாடு மறைகிறது, விட்டால் தெரிகிறது. அந்த மதிப்பெண்ணே சாய்வானது என்றால் அதைச் சேர்ப்பது சாய்வை மூடிமறைப்பதாகும். நேர்மையானது என்றால் அதை விடுவது இல்லாத பாகுபாட்டை உண்டாக்குவதாகும். இதைச் சொல்லாமல் ‘புள்ளிவிவரம் நிரூபித்துவிட்டது’ என்று எந்தத் தரப்பு சொன்னாலும் நம்பாதீர்கள். அதே வழக்கில் வெளிவந்த இன்னொரு கணக்கையும் சேர்த்தே பேச வேண்டும். அங்கே சேர அனுமதி பெற்ற வெள்ளை மாணவர்களில் 43 சதவீதத்துக்கு மேற்பட்டோர் விளையாட்டு வீரர்கள், பழைய மாணவர்களின் பிள்ளைகள், பேராசிரியர்களின் பிள்ளைகள், டீனின் தனிக் கவனப் பட்டியலில் இருந்தவர்கள் (பெரும்பாலும் நன்கொடையாளர்களுக்கு வேண்டியவர்கள்). அந்தக் கதவைப் பற்றி வாயே திறக்காமல் தகுதி பற்றிப் பேசுவது ஒரு கண்ணில் வெண்ணெய், ஒரு கண்ணில் சுண்ணாம்பு வைப்பதுதான்.

தமிழர்கள் இந்த வாதத்தில் இறங்கும்போது தனியாக இரண்டு இடங்களில் சறுக்குகிறோம். முதலாவது இடஒதுக்கீடு. அமெரிக்காவில் இருந்தது நம் ஊர் இடஒதுக்கீடு அல்ல. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் மருத்துவக் கல்லூரி 100 இடங்களில் 16-ஐத் தனியாக ஒதுக்கியதை 1978-லேயே உச்ச நீதிமன்றம் செல்லாது என்றுவிட்டது. பல அம்சங்களில் ஒன்றாக இனத்தையும் பார்க்கலாம் என்று மட்டும் விட்டுவைத்தது. நம் பக்கத்தில், சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி ஆணை கல்லூரி இடங்களை ஒவ்வொரு 14 இடமாகச் சாதி, மதவாரியாகப் பங்கிட்ட முறையை 1951-ல் செண்பகம் துரைராஜன் வழக்கில் உச்ச நீதிமன்றம் தள்ளியதும், அதே ஆண்டில் அரசியல் சட்டத்தைத் திருத்தி 15(4) என்ற பிரிவையே சேர்த்தார்கள். பின்தங்கியோருக்குத் தனி ஏற்பாடு செய்யலாம் என்று சட்டமே வெளிப்படையாகச் சொல்கிறது. அமெரிக்க அரசியல் சட்டத்தில் அப்படி ஒரு வரி இல்லை. 1868-இன் 14-ஆவது திருத்தத்தில் உள்ள ‘சமமான பாதுகாப்பு’ என்ற ஒரே தொடரை வைத்துத்தான் இரு தரப்பும் மல்லுக்கட்டுகின்றன. இங்கே இருக்கும் அளவுகோலை அங்கே கொண்டுபோய் வைத்தால் இரண்டு நாட்டையும் தப்பாகவே புரிந்துகொள்வோம்.

இரண்டாவது, ‘நாங்கள் வெறுங்கையோடு வந்து முன்னேறினோம், அவர்களால் ஏன் முடியவில்லை’ என்ற பேச்சு. ஹெச்-1பி விசாவுக்குப் பட்டப்படிப்பே நுழைவுச் சீட்டு. படித்தவர்களைப் பொறுக்கி எடுத்து அனுப்பிய கூட்டத்தை, பொறுக்காத முழுச் சமூகத்தோடு ஒப்பிடுவது குடத்தைக் கிணற்றோடு ஒப்பிடுவது. நமக்குக் கதவு திறந்த 1965 குடியேற்றச் சட்டம், கறுப்பினத்தவர் அடிபட்டு வென்ற 1964 சட்டத்துக்கு அடுத்த ஆண்டு வந்தது. அதற்கு முன் 1923-ல், முதல் உலகப் போரில் அமெரிக்க ராணுவத்தில் இருந்த பகத் சிங் திந்த் என்ற பஞ்சாபியை, நீ வெள்ளையன் அல்ல, குடியுரிமைக்குத் தகுதியில்லை என்று இதே உச்ச நீதிமன்றம் ஒருமனதாக ஒதுக்கித் தள்ளியது. அந்தத் தீர்ப்பைக் காட்டி ஏற்கெனவே குடியுரிமை பெற்றிருந்த இந்தியர்கள் பலரிடமிருந்தும் அது பறிக்கப்பட்டது.

சாதி விவகாரத்திலும் நம் தராசு சோதனைக்கு வருகிறது. சியாட்டில் நகரம் 2023 பிப்ரவரியில் சாதிப் பாகுபாட்டைத் தடைசெய்தது. கலிபோர்னியாவின் மசோதாவை அந்த ஆண்டு அக்டோபரில் ஆளுநர் நிராகரித்தார், இருக்கும் சட்டமே போதும் என்று. இருக்கும் வகைகளே போதும் என்ற அந்தப் பதிலை செயின்ட் லூயிஸ் பெண்களும் கேட்டார்கள். ஒன்றில் அதை ஏற்று மற்றதில் மறுப்பவர், என்ன வித்தியாசம் என்பதைச் சொல்லக் கடமைப்பட்டவர்.

கடைசியாகப் பள்ளி. பெற்றோருக்கு நேரடியாகச் சுடும் இடம் இதுதான். கூட்டாட்சி அரசின் பயிற்சி வகுப்புகளில் இனம், பாலினம் பற்றிய சில கருத்துகளைத் தடைசெய்து 2020 செப்டம்பரில் டிரம்ப் பிறப்பித்த ஆணையைப் பைடன் 2021 ஜனவரியில் ரத்து செய்தார். ஆனால் அதன் வாசகங்கள் மாநிலச் சட்டங்களுக்குள் போய்விட்டன. ஐடஹோ 2021 ஏப்ரலில், ஓக்லஹோமா மே மாதத்தில், பிறகு பல மாநிலங்கள். வாசகத்தைச் சரியாகப் படியுங்கள். ‘மாணவருக்கு மனச்சங்கடம் வரக் கூடாது’ என்று ஓக்லஹோமா சட்டம் சொல்லவில்லை. தன் இனத்துக்காக ஒருவர் குற்ற உணர்வு கொள்ள வேண்டும் என்று பாடம் நடத்தக் கூடாது என்கிறது. இரண்டுக்கும் பெரிய இடைவெளி உண்டு. ஆனால் வேலை போய்விடுமோ என்று பயப்படும் ஆசிரியர் இந்த இடைவெளியை நம்பி வகுப்பில் நிற்க மாட்டார், பாடத்தையே தவிர்த்துவிடுவார். இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் நேர்மை.

பிள்ளை வீட்டுக்கு வந்து ஏதோ சொன்னால், முதலில் அந்தத் தாளைக் கையில் வாங்குங்கள். 1930-களில் அரசு நிறுவனம் நகர வரைபடங்களில் கறுப்பினத்தவர் வாழ்ந்த பகுதிகளைச் சிவப்பு வண்ணமிட்டு, கடன் கொடுக்க ஆபத்தான இடம் என்று குறித்ததை அந்தத் தாள் சொல்லிக்கொடுக்கிறதா? அது வரலாறு, அவசியம் படிக்க வேண்டியது. பத்து வயதுப் பிள்ளைகளைத் தோல் நிறத்தைப் பார்த்து வரிசையில் நிறுத்தி, நீ ஒடுக்குகிறவன், நீ ஒடுக்கப்பட்டவன் என்கிறதா? அதற்கு எந்தப் பெயர் வைத்தாலும் எதிர்க்க வேண்டும். இரண்டையும் ஒரே பெயரில் அழைப்பவர்களோடு, பெயரை விட்டுவிட்டுத் தாளைப் பற்றி மட்டும் பேசுங்கள்.

தாள் கிடைக்கவில்லையென்றால் ஆசிரியருக்கு எழுதுங்கள், பிறகு பள்ளி முதல்வருக்கு. அதன் பிறகும் கிடைக்காவிட்டால் பள்ளி மாவட்ட அலுவலகத்துக்கு எழுதுங்கள். பொதுப் பள்ளி ஆவணங்களைக் கேட்டுப் பெற எல்லா மாநிலங்களிலும் சட்டம் உண்டு. கடிதத்தில் வகுப்பு, பாடம், தேதி, எந்தப் பக்கத்தில் எந்த வரி என்பது மட்டும் இருக்கட்டும். கிரிட்டிகல் ரேஸ் தியரி என்ற சொல்லை எழுதாதீர்கள். எழுதினால் பதிலும் அந்தச் சொல்லைப் பற்றித்தான் வரும், உங்கள் பிள்ளையின் தாளைப் பற்றி வராது.